ஃபரினெல்லியின் குரல்: கத்தி செய்தது பாதிகூட இல்லை

பட்டு உடை, இறகு வைத்த தலையணி, மேடையில் ஓர் ஆண் பெண்குரலுக்கும் மேலே போய் ஒரே சுரத்தை மூச்சு விடாமல் இழுத்துக்கொண்டு நிற்கிறார். 'ஃபரினெல்லியின் ஒரிஜினல் குரல்' என்ற தலைப்போடு இந்த வீடியோ துண்டு அடிக்கடி கண்ணில் படுகிறது. அது ஒரிஜினலும் இல்லை, ஒருவருடைய குரலும் இல்லை. 1994-ல் வந்த ஒரு திரைப்படத்துக்காக ஓர் ஆண் பாடகரும் ஒரு பெண் பாடகியும் தனித்தனியாகப் பாடி, பாரிஸில் ஓர் ஒலி ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டரில் கலந்து எடுத்த குரல் அது. நிஜ ஃபரினெல்லி 18-ஆம் நூற்றாண்டின் இத்தாலியப் பாடகர், இறந்தது 1782-ல். ஒலியைப் பதிவு செய்யும் கருவி வர அதற்கப்புறம் கிட்டத்தட்ட நூறு வருடம் ஆனது.

அப்படியானால் அவர் எப்படித்தான் பாடியிருப்பார்? 'சின்ன வயதில் ஆபரேஷன் செய்தார்கள், அதனால் அந்தக் குரல் வந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி பாதிகூட உண்மை இல்லை. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## உடம்பில் என்ன நடக்கிறது

பையன்களுக்குப் பருவம் வரும்போது விதைகளிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. அது குரல்வளையைப் பெரிதாக்கி, குரல் நாண்களை நீளமாகவும் தடிமனாகவும் ஆக்குகிறது. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. மகரக்கட்டு என்று நாம் சொல்வது இந்த இடைக்காலத்தைத்தான். பருவம் வருவதற்கு முன்பே, பெரும்பாலும் 7 முதல் 12 வயதுக்குள், விதைகளை நீக்கிவிட்டால் இந்த மாற்றம் நடக்காது. அப்படிச் செய்யப்பட்ட பாடகரை இத்தாலியில் காஸ்ட்ராட்டோ என்றார்கள்.

இதன் விளைவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் புரியும்.

1. குரல்வளை சிறியதாகவே நின்றுவிடுகிறது. ஆகவே மேல் ஸ்தாயி கைவிட்டுப் போவதில்லை.

2. ஆனால் உடம்பு வளர்வது நிற்பதில்லை. எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தகடுகள் மூடிக்கொள்வதற்கும் பாலியல் ஹார்மோன்கள் வேண்டும். அவை இல்லாததால் தகடுகள் தாமதமாகவே மூடுகின்றன, கை கால்கள் நீண்டுகொண்டே போகின்றன. அந்தக் காலக் கேலிச் சித்திரங்களில் காஸ்ட்ராட்டோக்கள் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நிற்பது வெறும் கிண்டல் மட்டும் இல்லை.

3. மார்புக்கூடும் நுரையீரலும் வளர்ந்த ஆளுடையவை. சின்னப் புல்லாங்குழலில் கொல்லன் துருத்தியைப் பொருத்தினால் எப்படி இருக்கும், அப்படி.

இன்று மேடையில் மேல் ஸ்தாயியில் பாடும் ஆண்களை, கவுண்டர்டெனர் என்பவர்களை, இவர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர்கள் சாதாரணமாக மகரக்கட்டு கடந்து வந்த ஆண்கள். கள்ளக்குரலைப் பல வருடம் பழக்கி, அதை வைத்துக் கச்சேரி செய்கிறார்கள். சிறுவர் குழுக்களில் கேட்கும் சோப்ரானோ எனப்படும் மேல் ஸ்தாயிக் குரலும் வேறு. அதில் உயரம் உண்டு, ஆனால் பின்னால் வளர்ந்த ஆளின் மூச்சு இல்லை.

## சட்டப்படி குற்றம், சம்பளப்படி வேலை

இந்த வழக்கத்துக்குக் கதவைத் திறந்தது ஓபரா என்ற இசை நாடகம் இல்லை, தேவாலயம். சபையில் பெண்கள் பேசாமல் இருக்க வேண்டும் என்று பவுல் எழுதிய வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, பாடகர் குழுவில் பெண்களைச் சேர்க்காமல் இருந்தார்கள். பல குரல் இசை சிக்கலாக ஆக ஆக, மேல் குரலுக்கு ஆள் வேண்டியிருந்தது. சிறுவர்கள் பாட்டைக் கற்றுத் தேறும் நேரத்தில் குரல் உடைந்துவிடும். 1589-ல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் புனித பேதுரு ஆலயத்தின் பாடகர் குழுவைத் திருத்தி அமைத்தபோது காஸ்ட்ராட்டோக்களுக்கு அதில் அதிகாரபூர்வமாக இடம் கிடைத்தது. இரண்டு வருடம் முன்னால், 1587-ல், விதை நீக்கப்பட்டவர்கள் திருமணம் செய்யக் கூடாது என்று ஆணையிட்டவரும் இதே போப்தான்.

போப்பின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் பெண்கள் மேடை ஏறவும் தடை இருந்ததால் ரோமில் நாயகி வேடத்தையும் இவர்களே கட்டினார்கள். மற்ற ஊர்களில் தடை இல்லாவிட்டாலும் ஓபராவின் வீரநாயகன் வேடம் இவர்களுக்குத்தான் போனது. ஜூலியஸ் சீசர் சன்னக் குரலில் பாடினால் நமக்குச் சிரிப்பு வரலாம். அந்தக் கால ரசிகனுக்கு உயர்ந்த குரல் என்றால் இளமை, வீரம், உயர்குலம். கனத்த குரல் கிழவருக்கும் கொடியவருக்கும் உரியது. இசையமைப்பாளர் ஹாண்டல் 1724-ல் எழுதிய சீசர் வேடம் செனசினோ என்ற காஸ்ட்ராட்டோவுக்காகவே எழுதப்பட்டது.

இத்தனைக்கும் ஆபரேஷன் செய்வது திருச்சபைச் சட்டப்படி கடுமையான குற்றம். அதனால் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு 'விபத்து' கதை இருக்கும்: குதிரையிலிருந்து விழுந்தான், காட்டுப்பன்றி குத்தியது. இங்கிலாந்தின் இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி 1770-ல் இத்தாலி முழுக்கச் சுற்றியபோது இது எங்கே நடக்கிறது என்று ஊர் ஊராக விசாரித்தார். மிலானில் கேட்டால் வெனிஸ் என்றார்கள். வெனிஸில் போலோன்யா என்றார்கள். போலோன்யாவில் இங்கே இல்லவே இல்லை, ஃப்ளாரன்ஸில் கேளுங்கள் என்றார்கள். ஃப்ளாரன்ஸ்காரர்கள் ரோமைக் காட்ட, ரோம்காரர்கள் நேப்பிள்ஸைக் காட்டினார்கள். யாருமே செய்யாத வேலை, ஆனால் எல்லா ஊர்க் கோயிலிலும் ஆள் இருந்தார்கள்!

## கார்லோ என்ற பையன்

கார்லோ ப்ரோஸ்கி 1705 ஜனவரி 24 அன்று தெற்கு இத்தாலியில் ஆண்ட்ரியா என்ற ஊரில் பிறந்தார். பிற்பாடு மேடைக்கு வந்த பெயர் ஃபரினெல்லி. காஸ்ட்ராட்டோ ஆக்கப்பட்ட பையன்களில் நிறையப் பேர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், இவர் அப்படி இல்லை. அப்பா சல்வத்தோரே இசை தெரிந்தவர், சிறு ஊர்களில் நிர்வாகப் பதவி வகித்தவர். அண்ணன் ரிக்கார்டோ பாட்டுக்கு இசை அமைப்பவர். 1717-ல் அப்பா திடீரென்று இறந்துபோக, குடும்பத்தின் வருமானம் ஆட்டம் கண்டது. ஆபரேஷன் அதையொட்டித்தான் நடந்திருக்க வேண்டும், முடிவு எடுத்தவர் அண்ணனாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குடும்பம் வெளியே சொன்ன காரணம், வழக்கம்போல, குதிரை.

ஆசிரியர் நிக்கோலா போர்போரா. நேப்பிள்ஸில் அன்று குரல் கற்றுக்கொடுப்பதில் பெரிய பெயர். 1720-ல், 15 வயதில், போர்போராவின் ஒரு படைப்பில் கார்லோ முதல் முறையாகப் பாடினார். அதற்குப் பாடல் எழுதியவர் மெட்டாஸ்டாசியோ, அப்போது அவரும் புதுமுகம். பின்னாளில் ஐரோப்பாவிலேயே பெரிய ஓபராக் கவிஞர் ஆனவர். இருவரும் ஒரே நாளில் மேடைக்குப் பிறந்தவர்கள் என்பதால் கடைசிக் காலம் வரை கடிதங்களில் ஒருவரை ஒருவர் 'அன்பு இரட்டையே' என்றுதான் அழைத்துக்கொண்டார்கள்.

## பயிற்சி

ஆபரேஷன் செய்துகொண்ட பையன்களில் பெரும்பாலோர் ஓபரா மேடையைப் பார்த்ததே இல்லை. சிலர் ஏதோ ஓர் ஊர் தேவாலயத்தில் பத்தோடு பதினொன்றாகப் பாடினார்கள். சிலருக்கு அதுவும் கிடைக்கவில்லை, உடம்பு போனதுதான் மிச்சம். ஆபரேஷன் குரல் உடையாமல் தடுத்தது, அவ்வளவுதான். அதை வைத்து என்ன செய்வது என்பது பள்ளியில் தீர்மானமானது.

17-ஆம் நூற்றாண்டில் ரோமில் இருந்த ஒரு பாடகர் பள்ளியின் தினசரி அட்டவணையை அங்கே படித்த பொன்டெம்பி என்பவர் எழுதி வைத்திருக்கிறார். காலையில் ஒரு மணி நேரம் கடினமான பிடிகள், ஒரு மணி நேரம் டிரில் எனப்படும் இரு சுர நடுக்கம், வேகப் பிருகாக்கள், பிறகு இலக்கியம். அதில் ஒரு பாடம் கண்ணாடி முன்னால் நின்று பாடுவது. நெற்றி சுருங்கக் கூடாது, கண் அலையக் கூடாது, வாய் கோணக் கூடாது. அப்புறம் நகர வாசலைத் தாண்டி எதிரொலி வரும் இடத்துக்குப் போய்ப் பாடி, திரும்பி வரும் தன் குரலைக் கேட்டுத் தானே திருத்திக்கொள்ள வேண்டும். ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் வேறு என்ன வழி?

நேப்பிள்ஸில் அநாதை விடுதிகளாகத் தொடங்கி இசைப் பள்ளிகளாக மாறிய நான்கு கன்சர்வட்டோரிகள் இருந்தன. அவற்றில் ஒன்றான சாண்ட் ஒனோஃப்ரியோவுக்குப் பர்னி போனபோது ஒரே அறையில் ஏழெட்டு ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முந்தைய கீபோர்டு வாத்தியம்), அதற்கு மேல் வயலின்கள், பாட்டு, எல்லாம் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு பாடமாக நடந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த 16 காஸ்ட்ராட்டோப் பையன்களை மட்டும் மாடியில், கதகதப்பான அறைகளில் தனியாகப் படுக்க வைத்திருந்தார்கள். சளி பிடித்துவிடக் கூடாதாம். அந்தப் பையன்களை எந்தக் கணக்கில் வைத்திருந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு விவரம் போதும்.

## அவர் கலையின் இயந்திரம்

ஃபரினெல்லியை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது என்ன? அவரை 1720களில் நேரில் கேட்ட ஜெர்மன் புல்லாங்குழல் கலைஞர் க்வான்ட்ஸ் குறித்து வைத்ததன்படி அப்போது குரலின் எல்லை இரண்டரை ஸ்தாயிக்குக் கொஞ்சம் குறைவு. பின்னாளில் கீழேயும் சில சுரங்கள் சேர்ந்தன. சுருதி சுத்தம், அழகான டிரில், அசாதாரணமான மூச்சுக் கட்டுப்பாடு என்கிறார். நடிப்பு மட்டும் சுமார் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இதில் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. மெஸ்ஸா டி வோச்சே. ஒரே சுரத்தைக் கேட்டும் கேட்காமலும் தொடங்கி, படிப்படியாக உச்ச ஒலிவரை வளர்த்து, அதேபோலப் படிப்படியாகக் குறைத்து மறைய விடுவது. எல்லாம் ஒரே மூச்சில். உரக்கப் பாடுவது சுலபம், குறைத்துக்கொண்டு வரும்போதுதான் சுருதி வழுக்கும்.

2. ட கப்போ பாட்டு. முதல் பகுதி, இரண்டாம் பகுதி, மறுபடி முதல் பகுதி என்று வரும் அமைப்பு. மறுபடி வரும்போது எழுதியபடியே பாடினால் மதிப்பில்லை. புதுப்புதுச் சங்கதிகள் போட வேண்டும், அதைப் பெரும்பாலும் பாடகரே உருவாக்குவார். ரசிகர்கள் காசு கொடுத்தது இந்த மூன்றாவது சுற்றுக்குத்தான்.

3. வேகப் பிருகாக்கள். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும், ஓடும்போதும்.

1722-ல் ரோமில் நடந்ததை ஃபரினெல்லியே முதுமையில் பர்னியிடம் சொல்லியிருக்கிறார். ஒரு பாட்டில் அவரோடு ட்ரம்பெட் வாசித்தவருக்கும் அவருக்கும் இரவுதோறும் போட்டி. ஓர் இரவு இருவரும் ஒரே சுரத்தை வளர்த்து, சேர்ந்து டிரில் போட்டு, இருவருமே களைத்துவிட்டதாக எல்லாரும் நினைத்த நேரம். ட்ரம்பெட்காரர் வாத்தியத்தை இறக்கிவிட்டார், எதிராளியும் முடித்துவிட்டார் என்ற நம்பிக்கையில். பையன் சிரித்துக்கொண்டே, அதே மூச்சில், இன்னும் வேகமான பிருகாக்களுக்குள் போனான். 17 வயது. கூச்சல் எழுந்து குரலை மூழ்கடித்த பிறகுதான் நிறுத்தினான்.

இப்படியே போயிருந்தால் அவர் ஒரு வித்தைக்காரராக நின்றிருப்பார் என்பது என் எண்ணம். இரண்டு இடங்களில் திருப்பம் வந்தது. 1727-ல் போலோன்யாவில் பெர்னாக்கி என்ற மூத்த காஸ்ட்ராட்டோ, இவர் போட்ட சங்கதிகளை ஒன்றுவிடாமல் திருப்பிப் பாடி, மேலும் நுணுக்கமாகவும் பாடிக் காட்டினார். இவர் கோபித்துக்கொள்ளாமல் அவரிடமே பாடம் கேட்டார். சில வருடம் கழித்து வியன்னாவில் பேரரசர் ஆறாம் சார்லஸ், நீ பாடினால் ஆச்சரியம்தான் வருகிறது, மனதைத் தொட வேண்டுமானால் எளிமையான வழியில் போ என்ற பொருளில் அறிவுரை சொன்னார். அதன் பிறகு பாணியே மாறியது, விறுவிறுப்போடு உருக்கத்தையும் கலந்தேன் என்று ஃபரினெல்லி பர்னியிடம் ஒப்புக்கொண்டார்.

## லண்டன்: மூன்று வருடம்

லண்டனில் ஹாண்டலின் ஓபராக் குழுவுக்கு எதிராக, அரசருடன் பகை கொண்டிருந்த இளவரசர் ஃப்ரெடரிக்கின் ஆதரவில், பிரபுக்கள் ஒரு போட்டிக் குழு தொடங்கியிருந்தார்கள். போர்போரா அதற்கு இசை அமைப்பாளர். 1734-ல் சிஷ்யரையும் வரவழைத்தார்.

முதல் நிகழ்ச்சி 'அர்த்தசெர்சே'. செனசினோவுக்குக் கொடுங்கோலன் வேடம், ஃபரினெல்லி சங்கிலியில் கட்டுண்ட கைதி. கைதி முதல் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோதே கொடுங்கோலன் வேடத்தை மறந்து ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டதாகப் பர்னி எழுதுகிறார். அதே ஓபராவில் அண்ணன் ரிக்கார்டோ எழுதிய, புயலில் சிக்கிய கப்பலாய்த் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பாட்டு ஒன்று உண்டு. அதன் முதல் சுரத்தையே மெஸ்ஸா டி வோச்சேயாகப் பாடினார், கைதட்டல் ஐந்து நிமிடம் ஓயவில்லை. பிறகு பிடித்த வேகத்துக்கு வயலின்கள் ஈடுகொடுக்க முடியவில்லை. 'ஒரே கடவுள், ஒரே ஃபரினெல்லி' என்று ஒரு சீமாட்டி கத்தியது ஊர்ப் பேச்சாகி, ஓவியர் ஹோகார்த் 1735-ல் அதைத் தன் கேலிச் சித்திர வரிசையில் ஏற்றிவிட்டார்.

சம்பளம் ஒரு சீசனுக்கு 1500 பவுண்டு, பரிசுகள் தனி. ஆனால் ஒரே ஊரில் இரண்டு இத்தாலிய ஓபராக் குழுக்கள் பிழைக்க முடியாது. புதுமை தேய்ந்ததும் கூட்டம் குறைந்தது, 1737-ல் பிரபுக்களின் குழு கலைந்தது. ஹாண்டலுக்கும் பெரும் நஷ்டம்.

## மாட்ரிட்: 22 வருடம்

அவர் வாழ்க்கையின் விசித்திரமான பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஸ்பெயின் அரசர் ஐந்தாம் ஃபெலிப்பே கடும் மனச்சோர்வில் இருந்தார். பகலில் தூக்கம், இரவில் அரசாங்கம்; குளிப்பதில்லை, சவரம் இல்லை. அரசி எலிசபெத்தா ஃபர்னேசே பாட்டைக் கேட்டாலாவது தெளிவாரா என்று ஃபரினெல்லியை அழைத்தார். 1737 ஆகஸ்டில் அவர் பாடினார், அரசர் அசைந்துகொடுத்தார். அத்தோடு ஃபரினெல்லி பொது மேடையில் பாடுவது நின்றது. வயது 32, புகழின் உச்சம்.

தினமும் இரவு அதே நான்கு பாட்டுகளைத்தான் சுமார் பத்து வருடம் பாடினார் என்று பலரும் சொல்வது பர்னி வழியாக வந்த செய்தி. அவருடைய கடிதங்களைப் பார்த்தால் இரவுக்கு எட்டு ஒன்பது பாட்டுகள். பாட்டுகளின் எண்ணிக்கை எப்படி இருந்தாலும் அரசர் குணமாகவில்லை. ஃபரினெல்லி பாடி முடித்ததும் அரசரும் அதே பாட்டுகளைப் பாட முயன்று கூச்சலிடுவார் என்று பிரிட்டிஷ் தூதர் ஊருக்கு எழுதியிருக்கிறார். இசை வைத்தியத்துக்கு இதை உதாரணம் காட்டுபவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

1746-ல் ஃபெலிப்பே இறந்து, ஆறாம் ஃபெர்னாண்டோவும் அரசி பார்பராவும் வந்தார்கள். பார்பரா இசையமைப்பாளர் ஸ்கார்லாட்டியிடம் ஹார்ப்சிகார்டு படித்தவர். இப்போது ஃபரினெல்லி நிர்வாகி ஆனார். பூயன் ரெத்திரோ அரண்மனையின் ஓபராவை நடத்தினார், இத்தாலியிலிருந்து பாடகர்களைக் கொண்டுவந்தார், 'இரட்டை' மெட்டாஸ்டாசியோவிடம் நாடகம் எழுதி வாங்கினார். அரான்ஹுவேஸில் தாகுஸ் ஆற்றில் அலங்காரப் படகுகள் விட்டு, அரச குடும்பத்தோடு மிதந்துகொண்டே பாடினார். 1750-ல் கலத்ராவா வீரப் பட்டம். இவ்வளவு செல்வாக்கு இருந்தும் அரசவைச் சூழ்ச்சிகளில் பெரிதாகச் சிக்காமல் இருந்தது, பாட்டைவிடக் கடினமான வித்தை என்றே தோன்றுகிறது.

1759-ல் மூன்றாம் கார்லோஸ் அரசரானார். அவருக்கு ஓபரா பிடிக்காது. ஊதியம் தொடரும், ஊரை விட்டுப் போகலாம் என்றார்கள்.

## போலோன்யாவும் எலும்புகளும்

போலோன்யாவுக்கு வெளியே ஒரு மாளிகை கட்டி இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். 1770-ல் பர்னி வந்தார், 14 வயது மொசார்ட்டும் அப்பாவோடு வந்தார். வீட்டில் இருந்த கீபோர்டு வாத்தியங்களுக்கு ரஃபேல், கொரெஜ்ஜோ, டிஷியன் என்று ஓவியர்களின் பெயர் வைத்திருந்தார். 1782-ல் மறைந்தார்.

2006-ல் போலோன்யாவின் செர்த்தோசா கல்லறையிலிருந்து அவர் எலும்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். மிகவும் சிதைந்திருந்தன. ஆனாலும் சில எலும்பு விளிம்புகளில் வளர்ச்சிக் கோடு முழுதாக மூடாமல் இருந்தது, 77 வயது மனிதருக்கு இது இருக்கவே கூடாது. நெற்றி எலும்பின் உட்புறம் தடித்திருந்தது, இது ஆண்களிடம் அரிது, வயதான பெண்களிடம் அதிகம் காணப்படுவது. இரண்டுமே ஹார்மோன் கதையோடு பொருந்துகின்றன. குரல்வளை குருத்தெலும்பும் மென்திசுவும் சேர்ந்தது, அது மிஞ்சவில்லை.

ஓபரா மேடையில் காஸ்ட்ராட்டோக்களின் காலம் 1820களில் வெல்லூத்தி என்பவரோடு ஓய்ந்தது. வத்திக்கானில் மட்டும் தொடர்ந்தது. 1903-ல் பத்தாம் பயஸ், மேல் குரலுக்குச் சிறுவர்களையே வைக்கும்படி ஆணையிட்டார். வத்திக்கானின் சிஸ்டைன் சேப்பல் பாடகர் அலெஸ்ஸாண்ட்ரோ மொரெஸ்கி 1902-லும் 1904-லும் பதிவு செய்த இசைத்தட்டுகள்தான் தனிப் பாடகராக ஒரு காஸ்ட்ராட்டோ பாடிக் கிடைக்கும் ஒரே சான்று. அதை வைத்து ஃபரினெல்லியை எடைபோடுவது நியாயம் இல்லை: மொரெஸ்கி கோயில் பாடகர், பாணி வேறு, நூற்றாண்டு வேறு, பதிவோ கரகரப்பு.

ஃபரினெல்லியிடம் நெருங்கிப் போக இன்னொரு வழி இருக்கிறது. 1753-ல் அவர் பேரரசி மரியா தெரேசாவுக்கு ஒரு பாட்டுக் கையெழுத்துப் பிரதி அனுப்பினார், வியன்னா நூலகத்தில் இருக்கிறது. வழக்கமாகப் பாடகரோடு காற்றில் போய்விடும் சங்கதிகள் அதில் சுரம் சுரமாக எழுதப்பட்டிருக்கின்றன. ஜாக்கொமெல்லியின் 'மெரோப்பே' ஓபராவில் வரும், நைட்டிங்கேல் என்ற பாடும் பறவையைப் பற்றிய பாட்டு அதில் ஒன்று. இன்றைய கவுண்டர்டெனர்களும் பாடகிகளும் அதைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். முதலில் மூலப் பாட்டைக் கேட்டுவிட்டு, பிறகு இந்தச் சங்கதிகளோடு கேளுங்கள். எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும் என்று பாடுபவர்கள் இன்றைக்கும் திணறுகிறார்கள்.